குட்டியைக் கொன்ற காங்கல்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பல வருடம் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். கொடி இன ஆடும் தலைச்சேரிக் கலப்பின ஆடுமாக 60 உருப்படி வைத்திருக்கிறார். போன தை மாதம் ஓர் இரவு தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து 9 ஆடுகளைக் கொன்றுவிட்டது. நான்கு ஆடுகள் கடிபட்டுப் பிழைத்தன. பெங்களூரில் வேலை செய்யும் மகன், ஆப்பிரிக்காவில் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்களை வீடியோவில் பார்த்துவிட்டு, லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்து, துருக்கி நாட்டு மந்தைக் காவல் இனமான ‘காங்கல்’ நாய் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். வந்தபோது ஐந்து மாதம், இப்போது ஒன்பது மாதம், 42 கிலோ. பெயர் சுல்தான். பகலில் வீட்டு வேப்பமரத்தில் சங்கிலி, இரவில் ஆட்டுப் பட்டிக்குள் அவிழ்த்து விடுகிறார்கள்.

பத்து நாளுக்கு முன் விடிகாலையில் போய்ப் பார்த்தால் ஒரு மாதக் குட்டி ஒன்று செத்துக் கிடந்திருக்கிறது. “ரத்த ருசி கண்ட நாய் இனி அடங்காது, தள்ளிவிடு” என்கிறார் அண்ணன். “தடை செய்யப்பட்ட நாய்” என்று அக்கம்பக்கத்தார் ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள். நாயோ பகல் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது, பொழுது சாயும்வரை சோற்றைத் தொடுவதில்லை. முடியைச் சிரைத்துவிடலாமா என்று மகன் கேட்கிறார். தெருநாய்களுக்குக் கறியில் மருந்து வைத்துவிடச் சொல்லி நண்பர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். என்ன செய்யட்டும் டாக்டர் என்று கேட்டு முடித்திருக்கிறார்.

ஐயா, வணக்கம். உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் பேசிவிடுகிறேன்.

கடிபட்டுப் பிழைத்த நான்கு ஆடுகள்

செத்த ஒன்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிழைத்த நான்கைப் பற்றி ஒரே வரி: “மஞ்சள் பத்துப் போட்டு ஆறிவிட்டது.” தடுப்பூசி போட்டதாக எங்கும் இல்லை. வெறிநாய்க்கடி ஆட்டுக்கும் வரும். கடித்த நாய்கள் எவை, இன்று உயிரோடு இருக்கின்றனவா என்பது யாருக்கும் தெரியாது. நோய் வெளியில் தெரியச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். கடிபட்ட கால்நடைக்கு உடனே சோப்புப் போட்டுக் கழுவி, 0, 3, 7, 14, 28 என்ற நாள் கணக்கில் ஊசி போடுவதுதான் முறை. மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். நாளைக் காலையே உங்கள் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். அந்த ஆடுகளைத் தனியே கட்டி வையுங்கள், பாலைக் கறந்து பச்சையாகக் குடிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆடு எச்சில் ஒழுக விட்டால், குரல் மாறிக் கத்தினால், தீனியை விழுங்க முடியாமல் நின்றால் நம் ஆட்கள் முதலில் செய்கிற காரியம், தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று வாய்க்குள் கையை விடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். சுல்தானுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையைத் தேடி எடுங்கள். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு வருடத்தில் அடுத்தது. விற்றவர் கொடுத்த அட்டையில் கையெழுத்து மட்டும் இருந்து, மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டு இல்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாகப் போடுங்கள்.

குட்டி எப்படிச் செத்தது?

அண்ணன் சொல்வது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. குட்டியின் கழுத்தில் காயம் இல்லை, வயிறு கிழியவில்லை, ஒரு வாய் கூடத் தின்னப்படவில்லை. உடம்பெல்லாம் எச்சிலில் ஊறி, ஒரு காது மட்டும் கந்தலாகியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தெருநாய்க் கூட்டம் கொன்ற ஆட்டைத் தை மாதம் பார்த்தீர்களே, அது எப்படி இருந்தது? தொண்டையிலும் பின்தொடையிலும் கடி, குடல் வெளியே. இரண்டும் ஒன்றில்லை. சுல்தான் வேட்டையாடவில்லை, விளையாடியிருக்கிறது. ஒன்பது மாதம் என்பது விடலைப் பருவம். இன்னொரு நாய்க்குட்டியைத் துரத்திக் காதைக் கவ்வுவதுபோல ஆட்டுக்குட்டியைக் கவ்வியிருக்கிறது. 42 கிலோவின் விளையாட்டை நான்கைந்து கிலோ எப்படித் தாங்கும்? அதிர்ச்சியிலும் களைப்பிலும் உள்காயத்திலும் செத்துப்போகும். குட்டி அசையாமல் போனதும், எழுப்பப் பார்ப்பதுபோல நாய் நக்கிக்கொண்டே இருந்திருக்கும். அந்த எச்சில் அதுதான்.

அப்படியானால் நாய் நிரபராதியா என்றால், கண்டுகொள்ளாமல் விட்டால் துரத்துவது பழக்கமாகிவிடும். திருத்த வேண்டியது உண்மைதான். ஆனால் ‘ரத்த ருசி’யை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இந்த இனம் என்ன செய்யும் என்று உங்கள் மகன் நினைத்தாரோ அங்கேதான் பிசகு. காங்கல் துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில், 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் பீடபூமியில் காங்கல் என்ற ஊரின் பெயரால் வழங்குவது. மேல்நிறம் வைக்கோல் மாதிரி, முகம் மட்டும் கரி பூசியதுபோல. முழுதாக வளர்ந்த ஆண் 50 முதல் 65 கிலோ வரும். ஓநாய்க்குத் தொண்டை கிடைக்காமலிருக்க, கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள். படத்தைப் பார்த்தால் சண்டை நாய் என்றுதான் தோன்றும். ஆனால் நாள் முழுக்க அது செய்வது மந்தையோடு படுத்துக் கிடப்பது, மோப்பம் பிடிப்பது, எல்லையில் மூத்திரம் பெய்து வைப்பது, குரைப்பது. பல ஓநாய்கள் அந்தக் குரைப்புக்கே விலகிப் போய்விடும். கடி என்பது கடைசிக் கட்டம். ஆட்டை ஓட்டி மேய்க்கும் நாய் வேறு, மந்தையோடு கிடந்து காக்கும் நாய் வேறு. காக்கும் நாய்க்குத் துரத்தும் ஆசையே இருக்கக் கூடாது.

அந்தக் குணத்தில் பாதி பிறவியில் வருவது, பாதி வளர்ப்பில் வருவது. மூன்று வாரத்திலிருந்து மூன்று, நான்கு மாதம் வரை குட்டி எதன் நடுவே வளர்கிறதோ அதைத்தான் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். மேய்ப்பர் வீட்டுக் குட்டி கண் திறந்ததும் பார்ப்பது ஆட்டுக் காலை. சுல்தான் பார்த்தது சிமென்ட் தரையும் இரும்புக் கம்பியும். ஐந்து மாதத்தில் உங்களிடம் வந்தது. வந்தும் பகலெல்லாம் ஆட்டைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு சங்கிலியில் கிடந்து, இரவில் திடீரென்று அறுபது ஆட்டுக்கு நடுவே அவிழ்த்து விடப்பட்டால் அது வேறு என்ன செய்யும்? பள்ளி மணி அடித்த பையன்தான்.

வெயில் வேறு, புழுக்கம் வேறு

“நமீபியாவிலேயே தாங்குகிறது, கடலூரில் தாங்காதா?” என்பது உங்கள் மகனின் வாதம். நமீபியா விஷயம் உண்மை. 1994 முதல் அங்கே ‘சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட்’ என்ற அமைப்பு காங்கல், அனத்தோலியன் வகைக் குட்டிகளை ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறது. ஆடு பிழைத்தால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுட மாட்டார் என்பது கணக்கு. ஆனால் அது வறண்ட நாடு. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கிலும் மூச்சிலும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். காற்று காய்ந்திருந்தால் ஆவியாகும். நம் கடற்கரைப் பக்கம் துணியே காயாத புழுக்கத்தில் அது எத்தனை இளைத்தாலும் சூடு இறங்காது. சிவாஸில் கோடைப் பகல் சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். நமக்குக் கத்திரியில் நள்ளிரவிலும் தலையணை நனைகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மே மாத மதியம், பாகூர்ப் பக்கத்திலிருந்து மூடிய வேனில் இதே அளவு நாயொன்றை என்னிடம் கொண்டு வந்தார்கள். நாக்கு கரண்டிபோல அகன்று நுனி மடிந்திருந்தது, ஈறு செங்கல் நிறம், வெப்பமானி 107 காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு, 106-ஐத் தாண்டினால் உறுப்புகள் வேக ஆரம்பிக்கும். மொசைக் தரையில் படுக்க வைத்துத் தொட்டித் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினோம். அரை மணியில் சூடு இறங்கியது, எழுந்து வாலைக்கூட ஆட்டியது. நான்காம் நாள் சிறுநீரகம் நின்று செத்துப்போனது. வீட்டிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பியிருந்தால் பிழைத்திருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யுங்கள்: முதலில் தண்ணீர், பிறகு வண்டி. ஈரத் துணியை மேலே போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்று படட்டும்.

முடியைச் சிரைக்க வேண்டாம். இதற்கு இரண்டு அடுக்கு முடி. மேல்முடி வெயில் தோலில் நேரே படாமல் தடுக்கும். நீங்கள் எடுக்க வேண்டியது உள்ளே இருக்கும் பஞ்சு முடியை. அதற்கு இரும்புப் பல் சீப்பு போதும். வாரம் மூன்று நாள் வாரினால் ஒரு கூடை வரும். வேப்பமர நிழல் நல்லதுதான், ஆனால் வெயில் நகரும்போது நிழலும் நகரும், சங்கிலி நகராது. கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு முழம் தோண்டி மணலைக் கொட்டி, காலையிலும் உச்சியிலும் நனைத்து விடுங்கள். நாயே பள்ளம் பறித்துப் படுத்துக்கொள்ளும். பகலில் அது சாப்பிடாததும் நோயில்லை. விடியற்காலை ஒரு வேளை, இருட்டிய பின் ஒரு வேளை போதும்.

தட்டில் என்ன விழுகிறது

ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுத்தால் குடலும் ஈரல் கழிவும் சுல்தானுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் நீர் கோத்த கட்டிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாய் மலத்தோடு புல்லில் விழுந்து ஆட்டுக்குப் போகும், உங்கள் பேரப் பிள்ளையின் கை வழியாக வாய்க்கும் போகும். மனிதருக்கும் ஈரலில் அதே கட்டிதான். ஆட்டு மூளையைத் தின்பதால் வரும் இன்னொரு நாடாப்புழு உண்டு. அது ஆட்டுக்குத் திரும்பினால், ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். காவலுக்கு வந்த நாயே மந்தைக்கு நோயைக் கொடுக்க வேண்டாம். நன்றாக வெந்த கறியைக் கொடுங்கள், பிரசிகுவாண்டெல் சேர்ந்த பூச்சி மாத்திரையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுங்கள்.

கால்சியம் டானிக்கையும் நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிக்கு அதிகப்படிக் கால்சியம் எலும்பைக் கோணலாக்கும். இந்த உருவத்துக்கு மெதுவாக வளர்வதுதான் நல்லது, விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். தின்ற உடனே ஓட விடாதீர்கள். வயிறு தவில்போல உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் நுரை மட்டும் வந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நடு ராத்திரியானாலும் வண்டி பிடியுங்கள். உண்ணிக்கு, ஆட்டுக்குத் தெளிக்கும் மருந்தையும் ஆட்டுக்குப் போடும் ஊசியையும் கணக்குப் போட்டு நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஈறு வெளுத்துக் காய்ச்சலோடு சோர்ந்தால், மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் தண்ணீர் தேங்குமே, அதற்கு முன் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

மூர்க்கம் வர வேண்டுமென்று பச்சைக்கறி, பட்டினி, சங்கிலி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி வளர்த்தால் மூர்க்கம் வரும், காவல் வராது. அந்த மூர்க்கம் முதலில் பாய்வது சோறு வைக்க வருகிறவர் மேல்.

மனுவும் சட்டமும்

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் காங்கலும் இருந்தது. மனு கொடுத்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்துவிட்டன. ஆகவே அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி நாயைப் பிடித்துப் போக முடியாது. அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவுப்படி, தன் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் வேலியோரம் நடந்து போவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறடிக் கம்பிவேலி, தானே சாத்திக்கொள்ளும் கதவு, ஒரு பலகை, தடுப்பூசி அட்டையின் நகல், ஊராட்சியில் உரிமத்துக்கு ஒரு விண்ணப்பம். இவற்றோடு போய் மனு கொடுத்தவர்களிடம் நேரில் பேசுங்கள். பயந்தவர்களிடம் சட்டம் பேசினால் பகைதான் வளரும்.

பகல் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் வரும் குற்றம். பலருக்கு இது தெரியாது. கறியில் மருந்து வைக்கச் சொன்ன நண்பரின் பேச்சை அந்த இடத்திலேயே மறந்துவிடுங்கள். அது ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அதற்கு மேல், அந்தக் கறியை முதலில் மோப்பம் பிடிக்கப்போவது சுல்தான்தான். இனி எந்த ஆட்டை நாய் கடித்துக் கொன்றாலும் புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிவிடுங்கள். காப்பீடோ நிவாரணமோ கேட்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, வைத்துக்கொள்வதா?

இப்போதைக்குக் கொடுத்துவிட வேண்டாம். குட்டியைக் கொன்ற நாய் என்று சொல்லி விற்றால் வாங்குகிறவர் அதைச் சண்டைக்குத்தான் வாங்குவார். சொல்லாமல் விற்பது நியாயமில்லை. ஆனால் இரவுக் காவலிலிருந்து இன்றே விடுவித்துவிடுங்கள். பட்டியை ஒட்டிக் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் அதற்கு ஓர் அடைப்பு போடுங்கள், பகலும் இரவும் ஆட்டு வாடையிலேயே கிடக்கட்டும். காலையும் மாலையும் அரை மணி, நீளக் கயிற்றில் உள்ளே கூட்டிப் போங்கள். குட்டிகளும் சினை ஆடுகளும் அப்போது அங்கே இருக்கக் கூடாது. முட்டத் தெரிந்த கிழட்டுக் கிடா ஒன்றையும் இரண்டு மூத்த பெட்டைகளையும் விடுங்கள். அந்தக் கிடா சொல்லிக்கொடுப்பதை நீங்களோ நானோ சொல்லிக்கொடுக்க முடியாது. துரத்த எழுந்தால் கயிற்றைப் பிடித்து ஒரு அதட்டல், படுத்துக் கிடந்தால் ஒரு தடவல். இரண்டு வயது ஆகும்வரை தனியாக விடாதீர்கள். தேறிவிடும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். விட்டுப்போன அந்த முதல் நான்கு மாதத்தைத் திரும்பக் கொடுக்க யாராலும் ஆகாது. அடுத்த சித்திரையிலும் இதே இளைப்பு இருந்தால் ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பொறுப்பான ஆளாகப் பார்த்து, நடந்ததைச் சொல்லியே கொடுங்கள்.

உங்கள் ஆடுகளை இந்த வருடம் காக்கப்போவது வேலிதான். அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறங்கிய கம்பிவலை, இரவில் எரியும் ஒரு விளக்கு. அதோடு, இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி இரண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடித் துரத்துவதற்கென்றே வளர்த்த இனங்கள், ஆட்டுக்கு நடுவே வேண்டாம். உங்கள் ஊரிலேயே சாதுவான தாய் போட்ட குட்டிகள் போதும். ராமநாதபுரத்திலிருந்து கிடை போட வரும் கீதாரிகளோடு வரும் நாய்களைக் கவனித்திருக்கிறீர்களா? வம்சப் பத்திரம் எதுவும் கிடையாது, ஆட்டோடு பிறந்து ஆட்டோடு நடந்தவை. அமெரிக்காவில் நவஹோ பழங்குடி மேய்ப்பர்களும் கலப்பு நாய்க்குட்டிகளைத்தான் ஆட்டுப் பட்டியில் போட்டு வளர்த்துக் காவலுக்கு வைத்தார்கள். லட்சம் செலவழித்த பிறகு இதைச் சொல்கிறேனே என்று மகன் வருத்தப்படலாம். அவரிடம் நான் பேசுகிறேன்.

சுல்தானின் இடுப்பு எலும்பை ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், பெரிய இனங்களில் அந்த மூட்டு பிசகியிருப்பது அதிகம். புதுச்சேரி குருமாம்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். திறந்த வண்டியில், வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்கிற மாதிரி கிளம்புங்கள். அடியில் விரிக்க நனைத்த சாக்கு ஒன்றும் ஒரு குடம் தண்ணீரும் இருக்கட்டும், அன்று காலை எடுத்த மலம் கொஞ்சம் ஒரு டப்பாவில் இருக்கட்டும். அந்த நான்கு ஆடுகளுக்கு முதல் ஊசி போட்ட தேதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.